அக்காள் கையில் வைத்த கறுப்பு அட்டைப் புத்தகம்

அக்காளைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் எல்லாருக்கும் என் தோத்திரம்.

தம்பி என்ற முறையில் என்னை எழுதச் சொன்னவர் பெரிய அத்தான். அக்காள் வீட்டுக்காரரின் அண்ணன்; சபையில் மூப்பர். எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார். "இராப்பகலாக வேதம் வாசித்த உத்தமி என்று சேர்க்கவும். நாடகம் என்ற பேச்சே வரக்கூடாது" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

நான் அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டர். இந்த மலருக்கு எழுத்துக் கோப்பவனும் நான்தான். அவர் சேர்க்கச் சொன்னதைச் சேர்க்கவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பெரிய அத்தானே, உயிரோடு இருந்தவரை அக்காளை ஒளிந்து வாழ வைத்தீர்கள். செத்த பிறகும் பொய்யாக அச்சடிக்கச் சொன்னால் எனக்குக் குமட்டுகிறது.

அக்காள் பிறந்தது சாத்தான்குளத்தில். எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்காள்தான். மிஷன் பள்ளியில் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, மூன்று வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அந்தப் பள்ளிக்கூட அலமாரியில்தான் நாடகப் புத்தகம் படிக்கிற ருசி பிடித்தது. தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தோம். அத்தானுக்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. நல்ல மனிதர். ஆனால் ஒரே வீட்டில் இருந்த அண்ணன் முன்னால் வாய் திறக்க மாட்டார்.

அக்காள் புத்தகம் படித்தது பரீட்சைக்கு இல்லை, உத்தியோகத்துக்கு இல்லை. சந்தோஷத்துக்கு. கடற்கரைச் சாலையில் ஒரு பழைய பேப்பர் கடை உண்டு. கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்ட இங்கிலீஷ் புத்தகங்கள் அங்கே வரும். பழைய கம்பெனி நாடகப் புத்தகங்களும் வரும். கடைக்கார அண்ணாச்சி நாடகம் சம்பந்தப்பட்டதை மட்டும் தனியாக எடுத்து வைப்பார், நான் போய் வாங்கி வருவேன். முகத்துக்கு எப்படிச் சாயம் பூசுவது, விளக்கை எந்தப் பக்கம் வைப்பது, திரைக்கு எத்தனை கயிறு என்றெல்லாம் எழுதியிருக்கும் புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு அக்காள் படிப்பார். ஒரு நாடக மேடையைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஒரு முறை மூன்று தெரு தள்ளிக் கொட்டகை போட்டார்கள். பாட்டுச் சத்தம் வீடு வரைக்கும் வந்தது. பெரிய அத்தான் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அவ்வளவுதான் அக்காள் பார்த்த நாடகம்.

மத்தியானம் வீட்டில் ஆண்கள் இல்லாதபோது நான் போனால், அடுப்படித் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து மேடை போட்டிருப்பார். உழக்கு ராஜா. முத்துச் சிப்பி ராணி. தீப்பெட்டி சேவகன். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நகர்த்துவார்.

"என்னக்கா, சோறு பொங்குத இடத்துல பாண்டி விளையாடுத?" என்பேன்.

"ஏலே, கோட்டை மிதிக்காத. ராணி இப்பதான் உள்ள வாரா. நீ குறுக்க நின்னா ராஜா எப்படிப் பாப்பான்?"

"உழக்குக்குக் கண்ணு இருக்கோ?"

"உனக்கு இருக்கே, என்னத்தப் பாத்துக் கிழிச்ச?"

இதில் என்ன பாவம் இருக்கிறது? யாராவது சொல்லுங்கள்.

கல்யாணமான இரண்டாம் வருடம் ஒரு நாடகப் புத்தகம் பெரிய அத்தான் கண்ணில் பட்டது. "கூத்தாடிப் பயலுவ புஸ்தகம் மூப்பர் வீட்டுல கிடக்கவா?" என்றார். வெந்நீர் அடுப்பில் ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டார். கடைசித் தாள் எரிகிறவரை அக்காளைப் பக்கத்திலேயே நிற்க வைத்தார். அந்த வெந்நீரில் குளித்துவிட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனார். அதை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

அதன் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். மூன்று நாலு நாடகங்களைச் சேர்த்துத் தைத்து, வேதாகமத்தின் கனத்துக்குக் கொண்டுவந்து, கறுப்புக் காலிகோ துணி ஒட்டி, தாள் ஓரத்துக்கு அச்சுக்கூடத்துச் சிவப்பு மையைத் தடவிக் கொடுத்தேன். அப்படி ஆறு புத்தகம். அக்காள் கூடத்தில் உட்கார்ந்தே படிக்க ஆரம்பித்தார். "வேதத்தைக் கீழயே வைக்க மாட்டேங்காளே" என்று தெருவே மெச்சியது. பெரிய அத்தான் சபையில் எழுந்து, பெண்கள் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார்.

ஒரு நாள் போதகரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்காள் மடியில் புத்தகம் விரிந்து கிடக்கிறது. "என்ன அதிகாரம்மா வாசிக்க? சத்தமா வாசி, ஐயாவும் கேக்கட்டும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அக்காள் புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, நீளமான சங்கீதம் ஒன்றை மனப்பாடமாகச் சொன்னார். நடுவில் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் வேறு திருப்பினார். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு அக்காள், "எங்கல திருப்பணும்னு யோசிச்சுதான் வேர்த்துட்டு" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அட்டை ஒட்டத் தெரிந்த எனக்கு, "படித்தால் என்ன?" என்று பெரிய அத்தான் முகத்துக்கு நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. எரித்தவரைப் பார்த்து வருகிற அருவருப்பில் பாதி என்மேலும் எனக்கு உண்டு.

கடைசியில் அக்காள் சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தார். கண் தெரியவில்லை. கறுப்பு அட்டைப் புத்தகங்களில் மிகவும் தேய்ந்ததைக் கொண்டுவரச் சொல்லி, என்னை வாசிக்கச் சொன்னார்.

"ஏலே, கப்பல் சரக்கு லிஸ்டா வாசிக்க? ராஜா கோவமா இருக்கான்லா. சத்தமா சொல்லு."

"ஆஸ்பத்திரிக்கா."

"ராஜாவுக்கு என்னல ஆஸ்பத்திரி?"

கத்தினேன். நர்ஸ் ஓடிவந்தது. விஷயத்தைச் சொன்னதும், "அப்போ ராணி வசனத்த நான் சொல்லுதேன்" என்று உட்கார்ந்துகொண்டது. அக்காள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. நாலாம் நாள் இறந்தார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் வாசித்த வேதாகமத்தைப் பெட்டிக்குள் கையில் வைத்து அனுப்புவோம். பெரிய அத்தானே அலமாரியைத் திறந்தார். கறுப்பு அட்டையில் ஏழு இருந்தன: நான் தைத்த ஆறு, நிஜ வேதாகமம் ஒன்று. ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. ரொம்பத் தேய்ந்ததாக ஒன்றை எடுத்து, எல்லாருக்கும் உயர்த்திக் காட்டி, "எப்படி வாசிச்சிருக்கா பாருங்க" என்று அழுதுகொண்டே அக்காள் கையில் வைத்தார். அத்தான் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டியை மூடினார்கள்.

ஆகவே எல்லாரும் அறியவும். அக்காளோடு போனது நாடகப் புத்தகம். அக்காளின் வேதாகமம் அத்தானிடம் இருக்கிறது. அதையும் அக்காள் உண்மையாக வாசித்தார். ஒன்றை வாசிக்க மற்றதை எரிக்க வேண்டும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

புத்தகங்களை எடுத்துவைத்த பேப்பர் கடை அண்ணாச்சிக்கு நன்றி. ராணி வசனம் சொன்ன நர்ஸம்மாவுக்கு நன்றி. இதன் புரூஃபை வாசித்துவிட்டு, "ஒரு எழுத்தும் எடுக்காதீங்க மாப்ள" என்று முதல் முறையாக அண்ணனுக்கு எதிராகப் பேசிய அத்தானுக்கு நன்றி. பெரிய அத்தானுக்கும் நன்றி. சரியான புத்தகத்தைத்தான் எடுத்து வைத்தீர்கள்.

கடைசி எக்காளம் ஊதும் நாளில் அக்காள் எழுந்திருப்பார். கையில் அந்தப் புத்தகம் இருக்கும். அதற்குள் பக்கத்துக் கல்லறைக்கு வந்திருக்கும் பெரிய அத்தானும் எழுந்துவந்து, என்ன அதிகாரம் என்று கேட்கட்டும். அன்றைக்கு அக்காள் மனப்பாடமாக எதையும் ஒப்பிக்க மாட்டார். விரித்த பக்கத்தை அப்படியே, சத்தமாக வாசிப்பார்.