பின்னால் கேட்ட மணி

பாட்காஸ்டில் என் குரலை ஆண் குரலாக மாற்றியிருந்தார்கள். கேட்டபோது எனக்கே யாரோ பேசுவது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆண் பேசி முடிக்கிற இடத்தில், பின்னால், எங்கள் லான்மடாவ் தெருக் கோயிலின் உச்சிகால மணி கணீரென்று அடித்தது. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

நான் பேசியது தம்பியைப் பற்றி. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து அவன் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் மாதிரி வீடுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு வரி வராது. இந்தப் பாட்காஸ்ட்காரிதான் கேட்டாள், முகமும் பெயரும் தெரியாதவள். காது கொடுக்க ஒரு ஆள் கிடைத்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

அவனுக்கோ அந்தப் பாட்காஸ்ட்தான் உலகம். அது வெளிவந்த மறுநாள் காலை, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கொண்டுபோனபோது போனை என் பக்கம் நீட்டினான்.

“அக்கா, இதக் கேளேன். இந்த ஆளு வீட்லயும் ஒருத்தன் என்னாட்டம் ஒளிஞ்சு கெடக்கானாம். மணிகூட நம்ம கோயில் மணியாட்டமே இருக்கு.”

“எந்தக் கோயில்லடா மணி அடிக்கல? வாய மூடிட்டுத் தின்னு,” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவன் முழித்தான்.

அவனுக்கே தெரிகிறதென்றால் தெருவுக்குத் தெரியாதா? பத்திரிகை என்றால் ஒரு விலாசம் இருக்கும், வாசலில் போய் நின்று சண்டை போடலாம். இவளிடம் எங்கே போய்ச் சண்டை போடுவது? கோபம் அவள் மேலா, என் மேலா என்பதும் புரியவில்லை. ‘அது எங்கள் கோயில் மணி, உடனே எடுத்துவிடு’ என்று செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், நானே வீட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தாள், மணியை நீக்கியாகிவிட்டது என்றாள். எனக்கு முன்பே நான்கு பேர் இதையே கேட்டு எழுதினார்களாம். ஒருவர் அது தங்கள் சர்ச் மணி என்றாராம், இன்னொருவர் புத்தர் கோயில் மணி என்றாராம். நால்வர் வீட்டிலும் ஒளிந்திருக்கும் ஒரு பிள்ளை.

நிம்மதிப்படுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். தம்பி அதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அக்கா, காலைல இருந்த மணியக் காணோம்,” என்றான், என் முகத்தையே பார்த்தபடி.

தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.