சுவரைப் பார்த்திருந்த பெயர்ப்பலகைகள்

எங்கள் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, உங்கள் நூதனசாலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. ஒன்றும் இருக்காது என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். நூதனசாலை என்றால் சிம்மாசனமும் பீரங்கியும் என்று பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மனதில் பதித்துக்கொண்டவர்கள். எங்களிடம் சிம்மாசனம் இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், பழைய வீடொன்றின் முன் ஹோல்தான் எங்கள் நூதனசாலை. வீட்டுக்காரர் லண்டனில் இருந்தார். விற்கும்வரை பாவியுங்கள் என்று வாசற்கதவுத் திறப்பைத் தந்திருந்தார். கொழும்பில் தமிழ் பேசும் சனங்கள் புழங்கிய சாமான்களை அங்கே சேர்த்தோம். துறைமுகத் தொழிலாளி ஒருவரின் சாப்பாட்டுக் கரியர், புறக்கோட்டைக் கடையொன்றின் தராசு, முஸ்லிம் வீடொன்றிலிருந்து வந்த, எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன். நான் சங்கத்தின் செயலாளர். கப்பல் கம்பனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருக்க முடியாத குணம் எனக்கு. மற்றவர்கள் அதை வாய் என்பார்கள்.

வந்தவர்கள் அதிக நேரம் நின்றது ஒரு சுவருக்கு முன்னால்தான். அங்கே பெயர்ப்பலகைகள் இருந்தன. வீட்டு கேற்றில் மாட்டுகிற சாதாரணப் பலகைகள். பலாமரத்தில் செதுக்கியவை, பித்தளைத் தகடுகள், வெள்ளை இனாமலில் நீல எழுத்து எழுதியவை. பெயர், அதற்குப் பின்னால் பட்டம், சிலவற்றில் உத்தியோகம். எல்லாவற்றிலும் மூலைக்கு மூலை திருகாணித் துளை.

அந்தத் துளைகளைப் பற்றிக் கொழும்புத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. கலவரம் வருகிறது என்று கதை அடிபட்டதும் எங்கள் வீட்டு ஆண்கள் செய்த முதல் வேலை, ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கேற்றுக்குப் போனது. நகையை ஒளிப்பதற்கு முன்னால், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விடுவதற்கும் முன்னால், தமிழ் வீடென்று காட்டிக்கொடுக்கும் பெயரைக் கழற்றினார்கள். கழற்றியதைக் கட்டிலுக்குக் கீழே அல்லது அலுமாரிக்குப் பின்னால், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார்கள். நெருப்பு அடங்கிய பிறகும் பலகை வெளியே வரவில்லை. அடுத்துக் குண்டுகளின் காலம் வந்தது, சோதனைச் சாவடிகளின் காலம் வந்தது, பொலிஸ் பதிவின் காலம் வந்தது. எல்லாம் முடிந்தபோது பழைய வீடுகளை இடித்து மாடிவீடுகள் கட்டத் தொடங்கினார்கள். மாட்டுவதற்குக் கேற்றே இல்லாமல் போயிற்று. ஆனாலும் ஒருவரும் பலகையை எறியவில்லை. வீடு மாறும்போதெல்லாம் கட்டிலோடு கட்டிலாக அதுவும் கூடப் போனது.

என் அப்பாவின் பித்தளைத் தகடும் அப்படித்தான் என்னோடு வந்திருந்தது. அதைத்தான் முதலில் கொண்டுபோய் நூதனசாலையில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டுக் கிருலப்பனையிலிருந்து ஒருவர் தன்னிடமும் ஒன்று இருப்பதாகச் சொன்னார். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா பெட்சீற்றில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கதை பரவிப் பரவி, ஒரு சுவர் நிறையப் பலகை சேர்ந்துவிட்டது.

சுவர் நெடுகத் தட்டு அடித்து, ஒரு திறப்பு விழாவும் வைத்தோம். அவரவர் பலகையை அவரவரே தட்டில் வைக்கட்டும், அதுதான் மரியாதை என்று நான்தான் சொன்னேன். நான் வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றேன். உள்ளே போனவர்கள் பலகையை வைத்துவிட்டு வந்து, ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு கதைத்தார்கள். விளக்கேற்றுவதற்கு உள்ளே போனால், தட்டில் வெறும் மரமும் துருவும். அத்தனை பேரும் எழுத்துப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டி வைத்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. கண்காட்சிக்கு வைத்த சாமானை, பார்க்க வந்தவருக்கு முதுகு காட்ட வைக்கிற சனம் எங்களைத் தவிர வேறெங்கே இருக்கும்?

சங்கத் தலைவர் தன் பலகையையும் அப்படியே வைத்திருந்தார். அவர் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து இளைப்பாறியவர். பெயருக்கு மேலே சின்னச் சிலுவை வரைந்த பலகை அவருடையது.

"கை தன்பாட்டில செய்து போட்டுது, தங்கச்சி," என்றார் என்னிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு மனிதன் தன் சொந்தப் பெயரை ஒளிக்க இந்த அளவுக்குப் பழகியிருக்கிறான் என்றால், பழக்கியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். அதன் பிறகும் தலைவர் வந்துபோன ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருடைய பலகை மட்டும் சுவரைப் பார்த்திருக்கும். அவர் போன பின் நான் திருப்பி வைப்பேன்.

வீடு விலைப்பட்டது. வாங்கியது மாடிவீடு கட்டும் ஒரு கம்பனி. அவர்களுடைய மனேஜர் நேரில் வந்தார். தமிழ்ப் பெடியன், நல்ல பணிவு, என்னை அன்ரி என்றுதான் கூப்பிட்டார். புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை தருவதாகச் சொன்னார். கண்ணாடிக் கதவு, ஏசி, எல்லாம் இருக்கும். கரியரையும் தராசையும் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அவருடைய வீட்டிலும் இப்படி ஒரு ரேடியோ இருந்ததாம். பிறகு சுவரைப் பார்த்தார்.

"இது மட்டும் வேண்டாம் அன்ரி. வீடு வாங்க வாறவை இதைப் பார்த்தா என்ன நினைப்பினம்? சந்தோஷமான சாமானா வைப்பம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். தலைவர் முந்திக்கொண்டு, கூடிக் கதைத்துச் சொல்கிறோம் என்று அவரை அனுப்பிவைத்தார்.

கூட்டத்தில் நான் தனித்துப்போனேன். மற்ற எல்லோரும் அறையை எடுப்போம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொழும்பில் இலவசமாக ஓர் அறை என்பது லேசில் கிடைக்கிற காரியமல்ல. தலைவர் பொறுமையாகத்தான் பேசினார். இடம் இருந்தால்தான் சங்கம்; பலகைகளை நல்ல பெட்டியில், பூச்சி அரிக்காமல் பத்திரமாக வைப்போம்; காலம் மாறும்போது வெளியே எடுப்போம் என்றார்.

"பெட்டிக்குள்ள வைக்கிறதெண்டா அதுகள் கட்டிலுக்குக் கீழயே இருந்திருக்கலாமே அண்ணை," என்றேன். "எந்தக் காலம் மாறோணும்? நாங்கள் செத்த பிறகு வாற காலமா?"

அறைக்கான ஒப்பந்தத்தில் செயலாளரின் கையெழுத்தும் வேண்டும். பலகைகள் சங்கத்தின் சொத்தல்ல, இரவல். சொந்தக்காரர்களைக் கேட்காமல் பெட்டிக்குள் போட எனக்கு அதிகாரமில்லை என்று ஒற்றைக் காலில் நின்றேன். கேளுங்கள், அவர்களும் பெட்டி என்றுதான் சொல்லப்போகிறார்கள் என்றார் தலைவர். அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

ஊரைக் கேட்பதற்கு முன்னால் நானே செய்ய வேண்டும் அல்லவா? அப்பாவின் தகட்டைப் பிராசோ போட்டுத் துடைத்து, என் மாடிவீட்டின் வெளிக்கதவில், இலக்கத்துக்கு மேலே மாட்டினேன். மாட்டும்போது படியில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். அது என்னை இன்னும் ஆத்திரப்படுத்தியது. எதிர்வீட்டுக்காரி எங்கள் ஆள்தான். உங்களால் எங்களுக்கும் கரைச்சல் வரப்போகிறது என்றாள். கரைச்சல் வந்தால் என் கதவைத் தட்டச் சொல்லுங்கள், பெயர் போட்டிருக்கிறது என்றேன். கட்டடத்தின் காவலாளி வந்து, இது யார் என்று சிங்களத்தில் கேட்டார். என் அப்பா என்று சிங்களத்திலேயே, கொஞ்சம் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். நன்றாக மினுங்குகிறது மிஸ் என்றுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பிறகு வீடு வீடாக அலைந்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி. உங்கள் பலகை பெட்டிக்குள் போகட்டுமா, இல்லாவிட்டால் திரும்ப எடுத்து வெளியில் மாட்டுகிறீர்களா? சிலர் பெட்டி என்றார்கள். சிலர் தேத்தண்ணி தந்து கதையை மாற்றினார்கள். பெட்சீற்றில் சுற்றிக் கொண்டுவந்த கொட்டாஞ்சேனை அம்மா, பிள்ளைகள் ஏசுவார்கள் என்று கையைப் பிசைந்தார். அடுத்த சனிக்கிழமை அவரே வந்து நின்றார், கையில் வெறும் பை.

"தாங்கோ பிள்ளை. அவர் கழற்றினவர், மாட்டாமலே போயிட்டார். நான் மாட்டிப்போட்டுப் போறன்."

அவர் போன பிறகு நான் உட்கார்ந்து அழுதேன். அதன் பின் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். ஒருவர் மாட்டிவிட்டார் என்று அடுத்தவர் கேள்விப்பட்டு வந்தார். பித்தளை போனது, இனாமல் போனது. பெட்டி என்று சொன்னவர்களில் சிலரும் மனம் மாறி வந்தார்கள். வராதவர்களின் பலகைகள் சிலதான் மிஞ்சின. அவற்றோடு, சிலுவை வரைந்த தலைவரின் பலகையும். அவரிடம் மட்டும் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

கையெழுத்து வைக்க வேண்டிய நாளன்று காலையில் அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். காலியான தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பலகை வழக்கம்போலச் சுவரைப் பார்த்திருந்தது. நான் திருப்பப் போனேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, அதைத் தானே எடுத்துத் திருப்பி, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் துடைத்தார். பிறகு எழுத்து வெளியே தெரியக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பெடியனுக்குச் சொல்லுங்க, அறை வேண்டாமெண்டு."

அவ்வளவுதான். அந்தப் பலகையோடு ஒழுங்கையில் நடந்து காலி வீதிக்குப் போய், சனம் நிறைந்த பஸ்ஸில் ஏறினார். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். தலைவரே மாறிவிட்ட பிறகு மற்றவர்களும் மறுத்துப் பேசவில்லை. மனேஜர் மிகவும் வருத்தப்பட்டார். அன்ரி, இப்படி ஓர் இடம் இனிக் கிடைக்காது என்றார். ஓம், கிடைக்காது என்றேன்.

வீட்டை இடித்துவிட்டார்கள். கரியர் என் வீட்டில் இருக்கிறது, தராசு சங்க உறுப்பினர் ஒருவரின் கடையில். சஹன் தன் வீட்டுக்கே திரும்பிப் போய்ப் பெருநாளுக்குச் சோறு கண்டது. நூதனசாலை மூடிவிட்டதாமே என்று அனுதாபத்தோடு கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மூடவில்லை, தெருவுக்கு வந்திருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன். சனிக்கிழமைகளில் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நடக்கிறோம், கிருலப்பனைக்குப் போகிறோம், பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போகிறோம். பலகை மாட்டிய வாசல்களில் நின்று, அது எங்கே, எப்படி ஒளிந்திருந்தது என்று வீட்டுக்காரரே சொல்லுவார். கடற்காற்றுக்குத் திருகாணி துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். அதனால் என் கைப்பையில் ஒரு ஸ்குரூ டிரைவர் எப்போதும் இருக்கும். போகிற வாசல்களில் எல்லாம் இறுக்கிவிட்டு வருவேன்.

முதல் தடவை தலைவரின் வீட்டுக்குப் போனபோது அவர் கேற்றடியிலேயே காத்திருந்தார். கொட்டாஞ்சேனையில் இன்னும் சொந்தக் கேற் உள்ள சிலரில் அவரும் ஒருவர். பலகை தெருவைப் பார்த்திருந்தது, சிலுவைக்குப் புதுப் பெயின்ற். வந்தவர்கள் படம் எடுத்தார்கள். நான் பழக்கத்தில் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன். நுனியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். திருகாணித் தலைகள் நான்கும் வழுவழு என்று இருந்தன. நடுவில் இருக்க வேண்டிய வெட்டு ஒன்றிலும் இல்லை. அரத்தால் ராவித் தேய்த்திருந்தார்.

"இனிக் கழற்ற ஏலாது, தங்கச்சி," என்றார் தலைவர். "எனக்கும் ஏலாது."