பலேர்மோவில் ஒரு வெள்ளைச் சம்பந்தம்

வெள்ளையர்களின் ரகசியச் சங்கம் ஒன்றை நான் ஒரு கோடைகாலம் முழுக்கக் கலியாணப் பேச்சு என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி அந்த வீட்டில் நான் கண்டதையெல்லாம் கண்டிருந்தால் வேறு என்ன நினைத்திருப்பாள் என்பதையும் எனக்குச் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.

இத்தாலியின் தெற்குத் தீவில், பலேர்மோ நகரத்துக் கபோ சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அதில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். நாலாம் மாடியில் எண்பது தாண்டிய ஓர் அம்மா, இங்கே சிஞ்ஞோரா என்பார்கள். கால் ஏலாது, காது பாதிதான் கேட்கும், வாய் மட்டும் முழுசாக வேலை செய்யும். காலையில் எட்டு மணிக்குப் போய் அவரைக் குளிப்பாட்டி, தலை இழுத்து வாரி, சமைத்துக் கொடுத்து, பின்னேரம் வீடு திரும்புவது என் வேலை. அந்த வீட்டில் ஒரு மகனும் இருந்தான். ஐம்பது கடந்தவன், கலியாணம் கட்டாதவன், தாயின் பென்சனில் சாப்பிடுகிறவன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். செய்ய ஒன்றும் இல்லாதவன். அந்த ஆட்களை எனக்குக் கெட்டவர்களைவிடப் பயம்.

அந்த வருடம் வசந்தத்தில் அவனுக்குத் திடீரென்று பரம்பரையில் அக்கறை வந்தது. அம்மம்மாவின் தகப்பன் எந்த ஊர், அவர் யாரைக் கட்டினார், குடும்பத்தில் யாராவது வெளியில் கட்டினார்களா, கடல் கடந்து வந்த ஆள் யாரும் உண்டா என்று தாயைப் போட்டு உலுப்பினான். அதற்குப் பிறகு சுவரில் இருந்த ஒரு படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் செருகினான். அது சிஞ்ஞோராவின் மாமன், மீன்பிடிகாரன், வெயிலில் கருகி எங்கள் ஊர் ஆள் மாதிரியே இருப்பார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பொம்பிளை பகுதி வீடு பார்க்க வருகிறதென்றால் கறுத்த சொந்தக்காரரின் படத்தைச் சுவரில் வைத்திருப்பார்களா?

யூனில் இன்னும் தெளிவாகியது. பலேர்மோவில் பிறந்த ஒருவன் வெயில் காலத்தில் மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகாமல் இருப்பானா? இவன் போகவில்லை. முழுக்கை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு, நிழல் விழுந்த பக்கமாகப் பார்த்து நடந்தான். குளியலறையில் பாதி பிழிந்த எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. மூஞ்சையில் தேய்த்திருக்கிறான், பாவம். மாப்பிள்ளைக்கு நிறம் கொஞ்சம் ஏற வேண்டாமா?

வியாழக்கிழமைகளில் கூட்டாளிகள் வந்தார்கள். ஒருவன் மருந்துக்கடையில் நிற்கிறவன், ஒருவன் லொத்தர் சீட்டுக் கடைக்காரன், ஒருவன் பகேரியா ஊருக்குப் பஸ் ஓட்டுகிறவன், சுருட்டை முடி. விறாந்தைக் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசு என்று கதைப்பார்கள். நான் கோப்பி கொண்டுபோனால் வாயை மூடிவிடுவார்கள். ஆனாலும் கதவு பழசு, காதில் விழாமல் இருக்குமா? இரத்தம் என்றார்கள், குடும்பச் சுத்தம் என்றார்கள், கலப்புக் கூடாது என்றார்கள், வெளியில் ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்றார்கள். எங்கள் கலியாணப் புறோக்கர் தோற்றார். ரகசியமும் சரிதானே? பேச்சுக்கால் வெளியில் தெரிந்தால் எவனாவது மொட்டைக் கடிதம் எழுதிக் குழப்பிவிடுவான். கடவுளே, கடைசியில் இவனுக்கும் ஒரு வழி பிறக்கிறது என்று நான் உண்மையாகவே சந்தோசப்பட்டேன்.

சந்தோசம் வந்தால் என் வாய் நிற்காது. சிஞ்ஞோராவின் நல்ல காதில் போய்ச் சொல்லிவிட்டேன். மகனுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், ஆனால் தெரியாத மாதிரி இருங்கள், கண்ணூறு பட்டுவிடும் என்றேன். சிஞ்ஞோரா செபமாலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு பிடித்தது, இரவில் நித்திரை வந்தது. மகன் ஒருநாள் வெள்ளைத் துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, தன் கலியாணத்துக்குத் தாய் கொடுத்த போர்வையை, ஓரமெல்லாம் றோசாப்பூ பின்னியதை, பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். நான்தான் கஞ்சி போட்டு மினுக்கிக் கொடுத்தேன். புது மணக் கட்டிலுக்கு என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

ஆடி மாத வெயிலில் சம்பந்தம் உச்சத்துக்குப் போனது. புதிது புதிதாக ஆட்கள் வந்தார்கள். விறாந்தையில் கதிரை போதாமல் சமையலறை முக்காலியையும் தூக்கிப்போனார்கள், நான் நின்றுகொண்டு மரக்கறி வெட்டினேன். ஒரு மாப்பிள்ளைக்கு இவ்வளவு ஆட்களா என்று யோசித்தேன்தான். பிறகு, எங்கள் ஊரில் வராத கூட்டமா என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மகன் சமையலறைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு கதைத்தான்.

"அடுத்த மாசத்திலயிருந்து நீ வரத் தேவையில்லை. அம்மாவுக்கு இப்ப சொல்லாதை."

ஏன் என்று கேட்டேன். வீட்டில் வெளிநாட்டு ஆள் இருக்கக்கூடாதாம், வடக்கே இருக்கிற ஆட்களின் விருப்பமாம், அவர்களில் பெரியவர் அடுத்த கிழமை வீட்டைப் பார்க்கக் கப்பலில் வருகிறாராம்.

மாரிகாலத்தில் என் பெர்மெசோ முடிகிறது. இந்த நாட்டில் இருக்கலாம் என்று தருகிற அந்த அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கையில் வேலை இருக்க வேண்டும். வேலை இல்லையென்றால் அட்டை இல்லை, அட்டை இல்லையென்றால் நானும் மகளும் எங்கே போய் நிற்பது? பொம்பிளை இன்னும் வாசற்படி மிதிக்கவில்லை, அதற்குள் என் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டாளே என்று அந்தக் காணாத பெட்டையைப் பச்சைத் தூசணத்தில் திட்டினேன்.

வீட்டுக்குப் போய், யூனிவெர்சிட்டியில் படிக்கிற மகளைக் கூப்பிட்டு, நல்ல இத்தாலியனில் ஒரு மொட்டைக் கடிதம் எழுத வேண்டும் என்றேன். மாப்பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறது என்று போடு, வேண்டுமென்றால் குடிக்கிறவன் என்றும் போடு என்றேன். அவள் நிதானமாகக் கேள்வி கேட்டாள். பொம்பிளை யார்? தெரியாது. என்ன பெயர்? தெரியாது. கூட்டாளிகள் என்ன கதைப்பார்கள்? சொன்னேன். அவர்கள் சட்டையில் குத்தியிருந்த ஒரு சின்னத்தையும் கீறிக் காட்டினேன். ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

"அம்மா, இது கலியாணமில்லை. வெள்ளை ஆக்கள்தான் உசந்த ஆக்கள் எண்டு சொல்லுற ரகசியச் சங்கம்."

"அப்ப பொம்பிளை?"

"பொம்பிளை எண்டு ஒருத்தி இல்லை."

என் கோபம் இரண்டு மடங்காகியது. சிஞ்ஞோரா என்ன பாடுபடுவார்? மகள் விளக்கமாகச் சொன்னாள். அமெரிக்காவில் அடிமைகளை விட்டபிறகு இப்படித்தான் தொடங்கினார்களாம். முகத்தை மூடிக்கொண்டு கறுத்த ஆட்களின் வீட்டை எரித்தார்களாம், கொன்றார்களாம். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் சேர்ந்து பட்டப்பகலில் ஊர்வலம் போனார்களாம். பிறகு தலைவர்கள் ஒருவரையொருவர் கடித்து, துண்டு துண்டாக உடைந்து, வழக்கிலும் அகப்பட்டு, வெட்கக்கேடாகச் சுருங்கிப் போனார்களாம். ஆனால் அணையவில்லை, இங்கேயும் அங்கேயும் புகைகிறது என்றாள். இத்தாலியிலிருந்து போன ஆட்களையும் நீங்கள் என்ன வெள்ளையா என்று அந்தக் கூட்டம் விரட்டியதாம். கொலை என்றதும் எழும்பிப் போய்க் கதவைப் பூட்டினேன். உடைந்த கதையைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. சங்கம் உடைகிற விதம் எங்களுக்குத் தெரியாததா? ஒரு மைக்குக்குச் சண்டை பிடித்து இரண்டாகப் பிரிந்த ஆட்கள் நாங்கள். பொலிஸுக்குச் சொல்வோம் என்றாள் மகள். என் அட்டை கைக்கு வரட்டும் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

வடக்கர் வருகிற நாளில் என்னை வரவேண்டாம் என்று மகன் சொல்லியிருந்தான். நானும் போகிறதில்லை என்றுதான் இருந்தேன். தாயின் மூத்திரத் துணியை நான் மாற்றும்போது என் கை என்ன நிறம் என்று தெரியாமலா இருந்தது இவனுக்கு? ஆனால் காலையில் சிஞ்ஞோரா ஃபோன் எடுத்தார். பொம்பிளை பகுதி வருகிற நாளில் எனக்கு யார் தலை இழுப்பது, நீ எங்கே போய்விட்டாய் என்று அழுகிற குரலில் கேட்டார். அந்தக் கிழவிக்கு நான் என்ன சொல்ல? முதல்நாள் சுட்டு வைத்த பயற்றம் பணியாரத்தைத் தட்டில் அடுக்கி, துணைக்கு மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், இந்தச் சங்கம் நாசமாய்ப் போக வேண்டும், என் வேலை நிலைக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டுக்கொண்டுதான் படியேறினேன்.

மகன் என்னைக் கண்டு பல்லைக் கடித்தான். அதற்குள் சிஞ்ஞோரா பட்டுச் சட்டையும் முத்துமாலையுமாக விறாந்தை நடுவில் உட்கார்ந்துவிட்டார். அவரை அங்கிருந்து கிளப்ப யாராலும் முடியவில்லை. கூட்டாளிகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவன் தோளிலும் குறுக்காக ஒரு வெள்ளைச் சால்வை. சால்வையின் நுனியில் றோசாப்பூ. சிஞ்ஞோராவுக்குக் காதுதான் பாதி, கண் நல்லாய்த் தெரியும்.

"என்ரை கலியாணப் போர்வையை வெட்டினவன் ஆர்?"

அந்த நேரம் பார்த்து வடக்கர் உள்ளே வந்தார். ஜெனோவாக் கப்பலில் வாந்தி எடுத்துக் களைத்து, அவித்த மீன் மாதிரி வெளுத்துப்போயிருந்தார். அவர் உட்காருகிறதற்கு முன்னமே சிஞ்ஞோரா தொடங்கிவிட்டார். பொம்பிளைக்கு என்ன வயது, சமைப்பாளா, கோயிலுக்குப் போகிறவளா? மகன் தாயின் காதில் ஏதோ கத்தினான். அவர் கையால் தள்ளிவிட்டு, போர்வை கிழிந்ததைப் பொம்பிளைக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று வடக்கரைக் கெஞ்சினார். நான் சமையலறை வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

வடக்கர் ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்தார். பஸ்காரனின் சுருட்டை முடி, லொத்தர் கடைக்காரனின் மூக்கு, மருந்துக்கடைக்காரனின் கழுத்து. சிஞ்ஞோராவின் கையைப் பார்த்தார், என்னைவிட ஒரு பிடி நிறம்தான் கூட. எலுமிச்சம்பழம் தேய்த்துத் தோல் உரிந்துபோன மகனின் மூஞ்சையைப் பார்த்தார். பலகாரத்தைத் தொடவே இல்லை. பலகாரத்தில் கை வைக்காத பகுதி சம்பந்தத்துக்குச் சரிவராது என்று எனக்குத் தெரியும். பிறகு எழும்பி, மரியாதையாகத்தான் சொன்னார். இந்தத் தீவில் அரபுக்காரரும் ஆபிரிக்கக்காரரும் எத்தனையோ நூற்றாண்டு கலந்து கிடக்கிறார்களாம். ரோமாபுரிக்குத் தெற்கே தங்களுக்குக் கிளை சரிவராதாம்.

வடக்கர் இறங்கிப் போக, கூட்டாளிகளும் இறங்கினார்கள். உன் முடியாலே வந்த வினை, உன் மூக்காலே வந்த வினை என்று படி முழுக்கச் சண்டை. ஒரு கோடையாகக் கட்டி எழுப்பிய சங்கம் நாலு மாடி இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. வாசலில் ஒருவன் மற்றவனை அரபுக்காரன் என்று ஏசியது மேலே எங்களுக்குக் கேட்டது.

விறாந்தையில் மகன் சால்வையோடு இருந்தான். நான் கும்பிட்டது நடந்துவிட்டது, துள்ள வேண்டும். ஆனால் அவன் அழுதான். தலை நரைக்கத் தொடங்கிய ஆம்பிளை, சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகிவிட்டது, அது எனக்கே எரிச்சலாக இருந்தது. சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து, என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டார். மகன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்கிற பார்வை.

"நிறம் காணாதாம், சிஞ்ஞோரா" என்றேன்.

அந்த வார்த்தையை நான் யோசித்து எடுக்கவில்லை. என் மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும், ஒன்று கனடா, மற்றது பிரான்ஸ், இதே வார்த்தையோடுதான் குழம்பின. நாக்கில் தயாராக இருந்தது, வந்துவிட்டது.

சிஞ்ஞோரா கொதித்தார். என் பிள்ளைக்கா நிறம் காணாது, அந்த அவித்த மீனுக்குப் பிறந்த மகளுக்கு என் பிள்ளை போதாதா என்று கைத்தடியால் தரையில் அடித்தார். நிறம் பார்க்கிற ஒருத்தரும் இனி இந்த வாசற்படி மிதிக்கக்கூடாது என்று மகனுக்குக் கட்டளை போட்டார். அவன் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வா. அடுத்த மாசமும் வா."

அவள் வராமல் எங்கே போகப்போகிறாள், இது என்ன புதுக்கதை என்றார் சிஞ்ஞோரா. எனக்கு மூச்சு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். சிஞ்ஞோரா விடவில்லை.

"உங்கடை நாட்டிலையும் இப்பிடி நிறம் பார்த்துப் பிள்ளையளை வேண்டாமெண்ணுவினமோ?"

"சீச்சீ" என்றேன். "எங்கடை ஆக்கள் அப்பிடிச் செய்யமாட்டினம்."

சமையலறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். சந்தை வழியாக வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"சிஞ்ஞோராவுக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"வேறை என்ன செய்ய? வேலை போயிருக்கும், பிள்ளை."

"அவன் நாளைக்கு வா எண்டு சொன்னாப் பிறகுதானே, அம்மா, நீங்கள் சீச்சீ எண்டது."

மீன்காரன் என்னைக் கண்டு கூப்பிட்டான். நான் நின்று, வாங்குகிற எண்ணமே இல்லாமல், சூடை என்ன விலை என்று கேட்டேன். மகள் எனக்காக நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள்.