படிப்புச் சூடும் பாலாடையும்

முகத்தில் ஒரு பரு வந்தால் போதும், மைலாப்பூரில் வைத்தியம் தெரியாத மனுஷர் ஒருவரும் கிடையாது. கால் உடைந்தால்கூட ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். பரு என்றால் விடமாட்டார்கள். கோயிலுக்குப் போகிற வழியில் நிறுத்தி, மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "அடடா" என்பார்கள். முன்பின் தெரியாதவர்களும் அப்படித்தான். எனக்குப் பதினாறு வயதில் நெற்றி நிறையவும் மூக்கின் இரண்டு பக்கமும் பருக்கள் வந்தன. அதற்கு எங்கள் வீட்டில் நடந்த வைத்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். பங்குனியில் எஸ்.எஸ்.எல்.ஸி. பரீட்சை. எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒரு பெண்ணும் அதை எழுதினதில்லை. எனக்குப் பெரிய லட்சியமெல்லாம் இருந்ததாகச் சொன்னால் பொய். ஐந்து வயதிலிருந்து படித்ததற்கு ஒரு முடிவு வேண்டாமா என்றுதான் இருந்தது. ஹாலில் நம்பர் ஒட்டிய மேஜை போட்டு, அச்சடித்த கேள்வித்தாள் கொடுப்பார்களாமே, அப்படி ஒரு மேஜையில் நானும் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த அவ்வளவுக்குத்தான் இந்தப் பரு குறுக்கே வந்தது.

எப்படி என்றால், பருவுக்குக் காரணம் படிப்பு என்பது அம்மாவின் கட்சி. படித்துப் படித்து மண்டை கொதித்து, அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் முகத்தில் வெடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுப் பையன் பி.ஏ. படிக்கிறானே, அவன் முகம் வழவழவென்று இருக்கிறதே என்று கேட்டேன். ஆண்பிள்ளைகளுக்குச் சூடு தாங்கும் என்று பதில் வந்தது. சூட்டுக்கு மருந்து எண்ணெய். வாரத்தில் ஒரு நாள் எண்ணெய் ஸ்நானம் இரண்டு நாளாயிற்று. உச்சந்தலையில் அம்மா வைக்கிற நல்லெண்ணெய் நெற்றி வழியாக வழிந்து புருவத்தில் தேங்கும். துடைக்கக் கூடாது. போதாக்குறைக்குப் படுக்கப் போகுமுன் முகம் முழுக்கத் தேங்காயெண்ணெய். காலையில் எழுந்து பார்த்தால் நேற்று ஐந்து இருந்த இடத்தில் எட்டு இருக்கும். "பாத்தியா, சூடு இன்னும் அடங்கலை" என்று அம்மா இன்னொரு கரண்டி எண்ணெயைக் காய்ச்சுவாள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மாம்பலத்து அத்தை. அப்பாவின் அக்கா. மாம்பலத்தில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு போனவள், பிறந்த வீட்டை விட மனசில்லாமல் வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி லஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். அத்தைக்கு வறண்ட தோல். மார்கழி வந்தால் கன்னம் வெடித்து வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். அதற்குப் பாலாடை தடவித் தடவி, ஐம்பது வயதிலும் முகத்தைப் பளபளவென்று வைத்துக்கொண்டிருந்தாள். நல்ல விஷயம்தான். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம் இல்லையா? எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஒரே தோல் என்பது அவள் சித்தாந்தம். ஒரே கோத்திரம், ஒரே சமையல், ஒரே ஸ்நானப் பொடி, ஆகவே ஒரே முகம். அத்தை முகத்துக்கு ஒத்துக்கொண்டது மருமாள் முகத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் எங்கே போகும்?

வெண்கலக் கிண்ணத்தில் பாலாடையை எடுத்து, பாதாம் எண்ணெய் நாலு சொட்டும் கஸ்தூரி மஞ்சளும் போட்டுக் குழைத்து, என்னை முற்றத்தில் உட்காரவைத்து அப்புவாள். காய்கிறவரை அசையக் கூடாது. அது எங்கே காய்வது! என் முகத்தில் அது பாட்டுக்கு உருகிக்கொண்டிருக்கும். ஈ மொய்க்கும். மடியில் ஜியாமெட்ரி புஸ்தகம் இருந்தால் அத்தை பிடுங்கி எட்ட வைத்துவிடுவாள், மறுபடியும் சூடு ஏறுமாம். நானும் அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். கோபம் வருவதுகூடச் சூட்டின் அடையாளம் என்று இரண்டு பேருமாகச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா முதலில் தலையிடவில்லை. பிறகு அவரும் தம் பங்குக்கு ஆபீஸிலிருந்து வருகிற வழியில் முகத்துக்குப் பூசுகிற ஸ்நோ க்ரீம் ஒரு சீசா வாங்கி வந்தார். பாலாடைக்கு மேல் ஸ்நோ, ஸ்நோவுக்குக் கீழே தேங்காயெண்ணெய். தை மாசம் பிறந்தபோது பரு மோவாய்க்கும் பரவிவிட்டது. அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக் கை அலம்பிக்கொண்டே, வெகு நிதானமாக, சிவராத்திரிக்குள் முகம் தெளியாவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாம், பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷமாவது, மண்ணாவது. ஒரு தடவை நின்ற பெண் மறுபடி பள்ளிக்கூடம் போனதை எங்கள் தெருவில் யாராவது பார்த்திருக்கிறார்களா? அன்றைக்குப் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வெளியே வந்ததும் அம்மா கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணுக்கும் சூடு ஏறிவிட்டது என்று விளக்கெண்ணெய் தேடப் போனாள்.

என் கண்ணைத் திறந்தவள் கீரைக்காரி. வெள்ளிக்கிழமை காலை, அத்தையின் பூச்சோடு நான்தான் வாசலுக்குப் போய்க் கீரை வாங்க வேண்டியிருந்தது. கூடையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, மூஞ்சில இம்மா எண்ணெ வழிஞ்சிகினு கீது? வடை சுடலாம் போலக்கீதே. எங்கூட்டுப் பொண்ணுக்கும் இப்டித்தான் எண்ணெ மூஞ்சி. நானு எண்ணெயே வெக்கறதில்ல."

எண்ணெய் முகம். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. முகம் என்றால் சிவப்பு, கறுப்பு, மாநிறம் என்று நிறம்தான் பேசுவார்கள். தோலுக்கு வெவ்வேறு சுபாவம் உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் தோலுக்கடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருப்பதாகப் படம் போட்டுப் படித்து, மார்க்கும் வாங்கின எனக்கே தோன்றவில்லையே! அதை நினைத்து என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அப்பாவின் மேஜையில், டைப் அடிக்கும்போது நகல் எடுக்கிற மெல்லிய தாள் ஒரு கட்டு இருந்தது. மறுநாள் காலையில் எழுந்ததும் முகத்தை வெறும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒன்றும் பூசாமல் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, அந்தத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து நெற்றியில் ஒற்றி எடுத்தேன். எண்ணெய் ஊறி, தாளுக்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிந்தது. அம்மா சாதம் வடித்துக்கொண்டிருக்கும்போது வியர்வையைத் துடைப்பதுபோல் அவள் முகத்தில் இன்னொரு தாள் துண்டால் ஒற்றினேன். மூக்குப் பட்ட இடத்தில் மட்டும் லேசாக ஒரு பொட்டு. அத்தைக்கு அடுத்த வெள்ளி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வந்ததும் குளித்துவிட்டு, சாப்பிட்டு, கூடத்தில் கண்ணயர்ந்தவளின் கன்னத்தில் மெதுவாக ஒற்றினேன். தாள் போனபடியே திரும்பி வந்தது.

மூன்று துண்டையும் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி விளக்கினேன். ஒரே ஸ்நானப் பொடியில் குளிக்கிற மூன்று பேருக்கு மூன்று தினுசுத் தோல், அத்தைக்கு எண்ணெய் வேண்டும், எனக்கு வேண்டாம் என்று வாத்தியார் மாதிரி சொன்னேன். அம்மா தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆபீஸ் காகிதத்தைப் பாழடித்தால் அப்பா வைவார் என்றாள். அவ்வளவுதான். விழித்தெழுந்த அத்தை, என் தாளில் ஏறியிருப்பது எண்ணெய் இல்லை, உருகி வந்த சூடு என்றாள். கஷ்டகாலம். இவர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெளிந்தேன்.

அதற்கப்புறம் எல்லாம் திருட்டுத்தனம். ஸ்நானப் பொடியை விட்டேன், மஞ்சளை விட்டேன். வெறும் பயத்தமாவைத் தண்ணீரில் குழைத்து முகத்துக்கு. ஆர்வக்கோளாறில் முதல் வாரம் ஒரு நாளைக்கு ஏழு தடவை தேய்த்துக் கழுவி, கன்னம் எரிந்து தோல் உரிந்து, எண்ணெயோ முன்னைவிட அதிகமாக ஊறியது. அதுவும் ஒரு பாடம். பிறகு காலை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், விளக்கு வைக்கிற நேரம், இந்த மூன்று வேளை மட்டும். தேய்க்காமல் ஒத்திக் கழுவி, பஞ்சில் இரண்டு சொட்டுப் பன்னீர். எண்ணெய் ஸ்நானத்தன்று நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிடுவேன். அம்மா பூசிய தேங்காயெண்ணெயைத் தலையணை உறையில் துடைத்துவிடுவேன். அத்தை பாலாடையை அப்பிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பியதும் கிணற்றடிக்கு ஓடுவேன்.

சிவராத்திரிக்கு நாலு நாள் முன்னால் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு மூன்று கறுப்புத் தழும்பைத் தவிர ஒன்றுமில்லை. அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. பாலாடையின் மகிமையைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுத விட்டால் சரி, பாலாடைக்குக் கோயில் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை ஜாதகத்தோடு வந்தாள். பையனின் அப்பாவுக்குச் சைதாப்பேட்டைக் கோர்ட்டில் உத்தியோகம். பையன் இண்டர்மீடியட்டில் இரண்டு தடவை தவறி, இப்போது ஒரு கம்பெனியில் வேலையாக இருக்கிறான். பெண் அழகாக இருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.ஸி. முடித்திருக்கக் கூடாது. இது அவர்கள் போட்ட நிபந்தனை. அடுத்த வியாழனுக்கு அடுத்த வியாழன் பெண் பார்க்க வருகிறார்கள். பரீட்சை அதற்கு அடுத்த திங்களன்று ஆரம்பம்.

அப்பாவிடம் போய் நின்றேன். பரீட்சை என்னாகும் என்று கேட்டேன்.

"முகம் தெளிஞ்சிருக்கறச்சேயே காட்டிடணும்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பரு இருந்தால் படிக்கக் கூடாது, பரு போனால் படிக்க வேண்டியதில்லை. நல்ல நியாயம்! தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல வந்தது. இந்த முகத்தைத் தெளியவைத்தது பாலாடை இல்லை, நான். நானே என் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில், அப்பா ஆபீஸ் போனதும், சமையலறை அலமாரியிலிருந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தையும் அப்பாவின் ஸ்நோ சீசாவையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். எது ஒத்துக்கொள்ளாது என்று என் தோலைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? கன்னத்தில் எண்ணெயை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், சீசாவைப் பார்த்தாள்.

"கன்னத்துல தேச்சா உனக்கு ஒண்ணும் வராது. நெத்தியில போட்டுக்கோ. அங்கதான் அந்தக் காகிதத்துல அப்படி ஊறியிருந்தது" என்று சொல்லிவிட்டு, உலர்த்தின துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள், பெண் பார்க்க இரண்டு நாள் இருக்கும்போதே ஏற்பாடு செய்ய வந்த அத்தை, என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அம்மை மாதிரி இருக்கிறதே என்று அவளே பயந்து, அவளே சைதாப்பேட்டைக்குச் சொல்லியனுப்பி, சித்திரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது. அப்பா, அப்படியானால் பரீட்சையும் வேண்டாம், பழையபடி சூடு ஏறிவிட்டது என்று ஆரம்பித்தார். அம்மா சமையலறையிலிருந்தபடியே, படிப்பதுதான் சூடு, எழுதுவது சூடில்லை, படித்ததையெல்லாம் எழுதிக் கொட்டிவிட்டால் தானாக இறங்கிவிடும் என்றாள். இத்தனை நாள் அம்மாவின் சூட்டை நம்பின அப்பாவால் இப்போது மட்டும் நம்பாமல் இருக்க முடியவில்லை. எல்லாப் பரீட்சையும் எழுதினேன். நெற்றி எரிந்தது, குனிந்து எழுதும்போது வியர்வை பட்டு இன்னும் எரிந்தது, பக்கத்து மேஜைப் பெண் என்னைப் பார்த்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கடைசிப் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா பயத்தமாவைக் கிண்ணத்தில் தயாராகக் குழைத்து வைத்திருந்தாள். முகத்தை அலம்பிக்கொண்டே, காகிதத்தைக் காட்டின அன்றைக்கே உனக்குப் புரிந்துவிட்டதா, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, படித்தால் சூடு என்று ஏன் என் பிராணனை வாங்கினாய் என்று பொரிந்து தள்ளினேன். அம்மா வாளியிலிருந்து என் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"நிஜமா சூடுன்னுதான் நெனச்சுண்டிருந்தேன். என்னை மூணாங் கிளாஸ்ல நிறுத்தினா. எனக்கு மூஞ்சியில ஒண்ணுமே வந்ததில்லை" என்றாள்.