ஜீப்பின் குழாயில் நான் துடைத்த செம்மண்

என் அக்காள் கணவரின் ஜீப்பை நாசமாக்கியவன் நான்தான். பழி அவர்மேல் விழுந்தது. விழட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்தான்!

இதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ... என்னைத் தெரியாதவர். அதனால்தான் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். மச்சான் பெயர் சவரிமுத்து. அவருடைய அப்பா விட்டுப்போன பழைய டீசல் ஜீப்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது. விடிந்தால் நார்த்தாமலைப் பக்கத்துக் கல் குவாரிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார். செம்மண் பாதை. முன்னால் ஒரு லாரி போனால் பின்னால் வருகிறவனுக்குப் பகலே தெரியாது.

அந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜினுக்குள் போகும் காற்றைச் சுத்தம் செய்வது எண்ணெய். ஒரு தகர டப்பா, அதன் அடியில் ஒரு கிண்ணம் எண்ணெய். காற்று அதை உரசிக்கொண்டு போகும்போது தூசி எண்ணெயில் தங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மச்சான் அந்தக் கிண்ணத்தைக் கழற்றி, சேறாகிப்போன எண்ணெயைக் கொட்டி, டீசலில் கழுவி, புதிதாக ஊற்றுவார். சட்டையெல்லாம் கறையாகும். அக்காள் திட்டிக்கொண்டே துவைப்பாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? செல்போனில் நாலு காணொளி பார்த்துவிட்டு எல்லாம் அறிந்தவனாகிவிட்டேன்.

"என்ன மச்சான், இந்தக் காலத்துலயும் எண்ணெயப் போட்டுக் கொழப்பிக்கிட்டு இருக்கீங்க? பேப்பர் ஃபில்டர் மாத்திருவோம். எடுத்துத் தட்டுனா தூசி போயிரும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது மாப்ள. நீ படிச்ச ஆளு, பாத்துச் செய்யி," என்றார்.

டப்பாவுக்குள் இருந்த கம்பி வலையை வெட்டி எறிந்தேன். புதுக்கோட்டையில் வாங்கிவந்த ஃபில்டரை உள்ளே வைத்தேன். உயரம் பற்றவில்லை. நகக்கண் அளவுதான் இடைவெளி... அப்போதே கடைக்குப் போய் மாற்றியிருக்க வேண்டும். ஆனால் மச்சான் பக்கத்தில் நின்று, ஏதோ ஆபரேஷனைப் பார்ப்பதுபோல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அளவு தப்பிவிட்டது என்று அவர் முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய ரப்பர் டியூப்பில் ஒரு வளையம் வெட்டி அந்த இடைவெளியில் திணித்து மூடினேன்.

"இனிமே இதத் தொடாதீங்க. நானே அப்பப்ப வந்து பாத்துக்கிறேன்."

வந்து பார்த்தேனா? பரீட்சை, விடைத்தாள், தேர்தல் வேலை... சாக்குக்கா பஞ்சம்!

சில மாதங்களில் ஜீப் கரும்புகை கக்கியது. மேடேறத் திணறியது. ஒரு காலையில் கிளம்பவே இல்லை. மச்சான் மெக்கானிக்கை அழைத்துவரக் கீரனூருக்குப் போனார். நான் தனியாக நின்று டப்பாவைத் திறந்தேன்.

டியூப் வளையம் பழைய எண்ணெய்ப் பிசுக்கில் இளகி, ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. தூசி ஃபில்டரைத் தொடாமலேயே உள்ளே போயிருக்கிறது. இன்ஜினுக்குப் போகும் குழாயில் விரலை விட்டேன். செம்மண்! விரல் முழுக்கச் செம்மண்! அத்தனை மாதமும் இன்ஜின் மண்ணைத்தான் தின்றிருக்கிறது.

இதுவரை நடந்தது கைப்பிழை. சொல்லியிருந்தால் மச்சான் சிரித்துக்கொண்டே மன்னித்திருப்பார். நான் ஒப்புக்கொள்ள வந்தது அடுத்துச் செய்ததை.

ஒரு துணியை டீசலில் நனைத்துக் குழாயைத் துடைத்தேன். எட்டாத இடத்துக்குக் குச்சியில் சுற்றித் துடைத்தேன். புதிதாக ஒரு வளையம் வெட்டிக் கச்சிதமாக வைத்து மூடினேன். வாத்தியார் அல்லவா... செய்வதைத் திருந்தச் செய்தேன்!

மெக்கானிக் வந்து இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துபோயிருந்தன. குழாயைப் பார்த்தார். டப்பாவையும் திறந்து பார்த்தார்.

"ஃபில்டர் வேலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்ப நீங்கதான் இன்ஜின் ஆயில் மாத்தாம ஓட்டியிருக்கீங்கண்ணே."

"மாத்துனேனே..." என்ற மச்சான் சற்று யோசித்தார். "திருவிழா நேரத்துல ஒரு தடவ தள்ளிப்போயிருச்சு. அதுனாலயா இருக்குமோ?"

"பெறகு? அதேதான்."

நான் ஓரடி தள்ளித்தான் நின்றேன். ஒரு சொல்... ஒரே ஒரு சொல் போதுமே! மெக்கானிக் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

சரிசெய்ய வசதி இல்லை. ஜீப் பழைய இரும்புக்குப் போனது. அக்காள் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "ஒங்க அப்பா வச்சிட்டுப் போன ஒண்ணையும் ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்ல!" அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். அவரும் அதை நம்பிவிட்டார்.

அந்தத் தவக்காலத்தில் மச்சான், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வெளியே வந்து வெகுநேரம் முழங்காலில் இருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "அப்பா வண்டிய அசட்டையா வச்சிருந்து கெடுத்துப்புட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டேன் மாப்ள. இப்பத்தான் நெஞ்சு லேசா இருக்கு."

கேட்டீர்களா? என் பாவத்தை அவர் அறிக்கையிட்டார்! எனக்கான பரிகாரத்தை அவர் செபித்து முடித்தார்! அடுத்த மாதமே தண்ணீர் லாரி ஓட்டக் குவைத்துக்குப் போய்விட்டார்.

கனத்த பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு, பூசையில் சாமியார் தரும் நற்கருணை அப்பத்தை, நாங்கள் நன்மை என்போம், அதை வாங்கக் கூடாது என்பது எங்களுக்குச் சிறுவயதுப் பாடம். வாங்காமல் இருந்துவிடேன் என்பீர்கள். எங்கள் கோவிலில் அது நடக்காது. வரிசைக்கு எழாதவனை ஊரே திரும்பிப் பார்க்கும். 'வாத்தியாருக்கு என்னவாம்?' என்று மனைவியைக் கேட்பார்கள். அவள் என்னைக் கேட்பாள். ஆகவே எழுந்து போகிறேன். சாமியார் முன்னால் அப்பத்துக்கு வாயைத் திறக்கிறேன். ஒன்றை மறைக்க இன்னொன்று... போனாலும் குற்றம், போகாவிட்டாலும் மாட்டிக்கொள்வேன். எங்கிட்டுத் திரும்புவது, சொல்லுங்கள்!

கடைசியில் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி, என்னை அறியாத ஒரு சாமியாரிடம் முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அவரு மேல பழி இன்னும் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்கு சாமி."

"மொதல்ல அவருகிட்டச் சொல்லணும். சொல்லுவீங்களா?"

என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. பிறகு, "சொல்ல மனசு வந்ததும் வாங்க, பாவமன்னிப்புத் தாரேன்," என்றார். போன மாதிரியே திரும்பி வந்தேன்.

ஆனாலும் சொல்லிவிடுவது என்று சென்ற ஞாயிறு உறுதியோடு அக்காள் வீட்டுக்குப் போனேன். குவைத்திலிருந்து மச்சான் செல்போனில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அக்காள் போனை என் கையில் கொடுத்தாள்.

"மச்சான், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"இரு மாப்ள, நான் மொதல்ல சொல்லிர்றேன். ஊருக்கே வந்துர்றேன். இலுப்பூர்ல அதே மாதிரி பழைய ஜீப்பு ஒண்ணு வெலைக்கு இருக்காம், பேசி முடிச்சாச்சு. இந்தத் தடவ ஆயில் மாத்துறதுல நான் கண்ணுங்கருத்துமா இருப்பேன். ஃபில்டர் மட்டும் ஒன் கையால போட்டுக் குடுத்துரு. அந்த வண்டியில ஒன் வேல ஒண்ணுதான் நல்லா இருந்துச்சுன்னு மெக்கானிக்கே சொன்னான்ல!"

அக்காள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுகாலம் ஆகிறது.

"ஆமா, நீ என்னமோ சொல்ல வந்தியே மாப்ள?"

"ஒண்ணுமில்லங்க மச்சான்," என்றேன். "வண்டி வரட்டும். போட்டுருவோம்."