மச்சானுக்குச் சொன்னேனா?

என் மூளையைக் கறையான் அரித்துவிட்டதென்று ஒரு வாரம் முழுமனத்தோடு நம்பியவன் நான். நேற்றுச் சந்தையில் ஒருத்தி வல்லாரைக் கட்டை மூக்கருகே நீட்டியதும் அந்த வாரம் முழுவதும் நாக்கில் வந்து கசந்தது.

பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசை நின்ற பஞ்ச காலம். மகளின் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்க, அனலைதீவிலிருந்து செய்தி வந்தது. என் மனைவியின் தமையன், பெண்ணுக்குத் தாய்மாமன், "எனக்குச் சொல்லேல்லை, நான் வரமாட்டன்" என்கிறாராம். சாதகப் பொருத்தம் பார்த்ததே அவர்தான். முகூர்த்தம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் தெரிவது வேறு, சொல்வது வேறு. வீடு தேடிப் போய் "கலியாணத்துக்கு வாங்கோ" என்று வாய்திறந்து சொல்லாவிட்டால் சொந்தத் தமையனும் வரமாட்டார். தாய்மாமன் இல்லாத மணவறையை நினைத்து மனைவி அழத் தொடங்கிவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், நான் போயிருந்தேன்! வள்ளத்தில் வேட்டி நனைந்தது, பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தது, மச்சானின் புதுக் கன்றுக்குட்டியின் நெற்றிச் சுட்டி, எல்லாம் நினைவிருந்தது.

"போகாத இடத்துக்குப் போனதாய் ஒரு மூளை கதை கட்டுமோ?" என்றேன்.

"உங்கட மூளை எப்பவும் அதுதானே செய்யிறது," என்றாள் மனைவி, மூக்கைச் சிந்தியபடி.

அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயர்கள் ஏற்கெனவே பிந்தி வரத் தொடங்கியிருந்தன. சந்தியில் கண்டவரின் பெயர் மறுநாள் கிணற்றடியில் வந்து சேரும். இளமையில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்கு நின்றபோது கையால் மா நிறுப்பேன், வாயால் பகிடி விடுவேன், அடுத்த மூவரின் கூப்பன் இலக்கமும் மனத்தில் நிற்கும். ஐம்பத்திரண்டிலோ பகிடி தொடங்கினால் தராசு நின்றுவிடும். அடுத்தது புத்தி தடுமாறி, அறளை பெயர்ந்து, பெற்ற மகளையே "பிள்ளை, நீர் ஆர்?" என்று கேட்கப்போகிறேன் என்று முடிவுகட்டி, மூன்று வேளையும் வல்லாரைச் சம்பல் தின்றேன். மறதி நின்றதோ தெரியாது, வயிறு நிற்கவில்லை.

வயிறு ஓய்ந்ததும் மறுபடி வள்ளமேறினேன். மச்சான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர் மனைவிதான் வாய் திறந்தாள்.

"அண்ணை, நீங்கள் வந்தனீங்கள்தான். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நொந்து போச்சு. பிறகு வள்ளம் வெளிக்கிடப்போகுதெண்டு ஓடிட்டியள். வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"அப்ப எனக்கு அறளை இல்லையோ!" துள்ளாத குறை. "மச்சான், அண்டைக்கே கேக்க நினைச்சனான், உந்தச் சுட்டிக் கண்டுக்குட்டி..."

"ஓய், கண்டை விடும்! முதல்ல சொல்லும்!"

சொன்னேன். மூன்று தரம். கலியாணத்துக்கு முதல்நாளே குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

பெயர்கள் இன்னும் பிந்தித்தான் வருகின்றன, ஆனால் வந்துவிடுகின்றன. கலியாணம் சொல்ல வள்ளமேறுவார் இப்போது யார்? அழைப்பிதழ் தபாலில் போகிறது. சொல்லவில்லை என்று கோபிக்க மச்சானும் இல்லை. அன்று நடந்த எதையும் நான் மறக்கவில்லை. கதைத்துக்கொண்டே இருந்துவிட்டு, சொல்லப் போனதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.