ஏற்காட்டுக் காரின் ஹீட்டர்

அப்பா வாங்கிய கார், ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் ஓடிய பழைய வெளிநாட்டு வண்டி. மலைக் குளிருக்கென்று அதில் ஹீட்டர் வைத்திருந்தார்கள். மல்லசமுத்திரத்து வெயிலில் ஹீட்டர் காரில் போகிறவர் என்று ஊரே அவரைக் கேலி பேசியது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஹீட்டர் குமிழை அவர் ஒருநாளும் சூட்டுப் பக்கம் திருப்பியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதம், சேலம் ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நுரையீரல் போய்விட்டிருந்தது. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உசிரு ஊட்டுல போகோணும்." வெளியே இறந்தவரின் உடலை எங்கள் பக்கம் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், வாசலோடு சரி. தான் கட்டிய வீட்டின் வாசலில் கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

காலையிலேயே கிளம்பினோம். அண்ணன் ஓட்டினார், நான் பக்கத்தில். பின் சீட்டில் அம்மாவின் மடியில் அப்பா தலை வைத்துப் படுத்திருந்தார். புழுதி ஆகாது என்று கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். சேலத்தைத் தாண்டியதுமே கால்மாட்டிலிருந்து அனல் வீசத் தொடங்கியது. குமிழ் குளிர்ப் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் என்ஜின் சூடு முழுக்க உள்ளே வந்தது. கண்ணாடியை இறக்கினால் இருமல், ஏற்றினால் வேக்காடு. ஆட்டையாம்பட்டி வருவதற்குள் அப்பாவின் மூச்சு சீழ்க்கை போலக் கேட்டது.

"நிறுத்துங்கண்ணா" என்றேன்.

"நிறுத்தினா ஊடு போய்ச் சேரமாட்டம்டா."

"நிறுத்தலீனாலுந்தான் சேரமாட்டம்!" என்று கத்திவிட்டேன். என் கோபம் ஊரறிந்தது. அண்ணன் வண்டியைப் புளிய மரத்தடியில் ஓரங்கட்டினார்.

நாமக்கல் லாரிப் பட்டறையில் எனக்கு வேலை. இந்தக் காரில், சூட்டை அடைக்கும் மூடியை ஒரு சின்ன வட்டத் தகர டப்பா இழுக்கும். டப்பாவுக்குள் ரப்பர் சவ்வு. என்ஜின் ஒரு குழாய் வழியே காற்றை உறிஞ்சினால் சவ்வு உள்ளே போய் மூடி அடையும். லாரி பிரேக்கிலும் இதே மாதிரி டப்பாதான், நான் பார்க்காததா? குழாய் பிளந்திருக்கும், இல்லையென்றால் சவ்வு கிழிந்திருக்கும் என்று நினைத்தேன். ஹீட்டருக்குப் போகும் வெந்நீர்க் குழாயை அடைத்துவிடலாம்தான். ஆனால் அதன் திருகு துருப்பிடித்துக் கிடந்தது. உடைந்தால் தண்ணீர் முழுக்கக் கொட்டி வண்டி அங்கேயே நின்றுவிடும். அதைத் தொடக் கை வரவில்லை.

தலைகீழாகக் குனிந்து குழாயின் என்ஜின் பக்க முனையைப் பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சினேன். டப்பாவிலிருந்து மூடிக்குப் போகும் கம்பி பாதி தூரம் நகர்ந்து நின்றது. முனையை நாக்கால் அடைத்தேன். கம்பி திரும்பவில்லை. அப்படியானால் குழாயும் நன்றாக இருக்கிறது, சவ்வும் நன்றாக இருக்கிறது. மூடிதான் எதிலோ இடிக்கிறது. காற்றுப் பாதையின் ரப்பரைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். உருண்டையாக ஒன்று சிக்கியது.

காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழம். குங்குமம் இன்னும் போகவில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிய அன்று, குலதெய்வக் கோயிலில் வைத்துக் கொண்டுவந்த பழங்களை அம்மா சக்கரங்களுக்கு வைத்தார். மிச்சமிருந்த ஒன்றை முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். அங்கே காற்று வரும் சட்டம் எப்போதோ உடைந்து வாய் பிளந்திருந்தது. பழுத்த பழம் அதில் பதிந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கார் வெயிலில் கிடக்கக் கிடக்கப் பழம் சுருங்கி உள்ளே விழுந்திருக்கிறது.

அம்மா அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "ஐயோ, நான் வெச்சதுங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அப்பா கண்ணைத் திறந்தார். பழத்தைக் கேட்டுக் கையில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று மூச்செடுத்தார்.

"நீ வெச்சது சக்கரத்துக்குப் புள்ளே. இது நான் வெச்சது."

குழாயை மாட்டி என்ஜினைக் கிளப்பினோம். மூடி டக்கென்று அடைந்தது. வெளிக்காற்று வந்தது. அதுவும் வெயில் காற்றுதான், ஆனாலும் அப்பாவின் மூச்சு கொஞ்சம் அடங்கியது. வீட்டுக்குள் கட்டிலில் கிடத்தி அம்மா அவர் வாயில் பால் விட்ட பிறகுதான் அப்பா போனார். பழம் கைக்குள்ளேயே இருந்தது.

அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அப்பாவைத் தூக்கி வண்டியில் வைத்தது நானும் அண்ணனும்தான். அவரால் கையைக்கூடத் தூக்க முடியவில்லை. அவர் எங்கே எலுமிச்சம்பழம் வைத்திருக்கப் போகிறார்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்தச் சொல் ஒரு பிடிமானமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து உடைந்த சட்டத்தை விரலால் தடவியபடி நின்றார்.

"உங்கய்யன் வாயில பொய்யி வந்து நான் கேட்டதே இல்ல சாமி" என்றார். "இருந்த மூச்சுல ஒண்ணு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு."